ரோட்டில் நான் விட்ட கல்

எழுபத்து மூன்று வயதில் ஒருவன் தினமும் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால், பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. என்ன சாப்பிடுகிறீர்கள்? கம்பங்கூழா, பூண்டா, பழைய சோறா? மன்னார்குடி தெப்பக்குளத்தங்கரையில் நான் டீ குடிக்கும்போது, நடைப்பயிற்சிக்கு வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார்கள் சுற்றி நின்று கேட்பார்கள். அவர்களில் ஒருவர் என்னை செல்போனில் படம் பிடித்து எங்கேயோ போட்டுவிட்டார். அதன் கீழே யார் யாரோ கையெடுத்துக் கும்பிட்டிருந்ததை மருமகள் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இன்னும் ஓட்டுவதற்குக் காரணம் சாப்பாடு இல்லை. எங்கள் ஊரில் வயதாகிவிட்டதால் யாரும் சைக்கிளிலிருந்து விழவில்லை என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

விழுந்தவர் என் அத்தான், அக்காவின் புருஷன். அவரை விழ வைத்தது நான் ரோட்டில் விட்டுவிட்டு வந்த கல். அதோடு நின்றிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அவர் விழுந்த அடுத்த நிமிடம் நான் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அவர் மறுபடி எழுந்து நடப்பதும் நடக்காததும் அந்த ஏழு மாதத்தில்தான் இருந்தது.

அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம். அத்தானுக்குத் தபால் பட்டுவாடா வேலை. எங்கள் ஊரையும் சேர்த்து நாலு ஊருக்கு அவர்தான் தபால்காரர், எல்லாம் சைக்கிளில்தான். ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் வழக்கமான நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பை இல்லாமல் இந்த மனிதர் எங்கே போகிறார் என்று பயந்துபோன அக்கா, என்னைப் பின்னால் அனுப்பினாள். நான் கொஞ்சம் சொந்த நிலமும் மிச்சம் குத்தகையுமாக நெல் போடுகிறவன். வயலில் தண்ணீர் பார்க்க எப்படியும் காலையில் கிளம்ப வேண்டியவன். அப்படி ஆரம்பித்தது பதினோரு வருஷம் ஓடியது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி, வாய்க்கால் கரை ரோட்டில் மன்னார்குடி போய், தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். எப்போதும் அவர் முன்னால், நான் பின்னால். வீட்டு வாசல் எதையாவது கடந்தால் அவர் கால் தானாக மிதிப்பதை நிறுத்திவிடும். பின்னால் வருகிற நான் பிரேக் பிடிக்க வேண்டும்.

"இன்னும் யாருக்கு மணியார்டர் குடுக்கப் போறீங்க அத்தான்?" என்று கேட்பேன்.

"ஒனக்குத்தான் ஒண்ணு வந்துருக்கு. கையெழுத்துப் போடு" என்பார்.

வயதான காலத்தில் சைக்கிள் ஓட்டுவது சுகமான காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓட்டுவதில் பெரிய கஷ்டமில்லை, ஏறுவதும் இறங்குவதும்தான் கஷ்டம். இரட்டைக் கம்பி வண்டியில் காலைத் தூக்கிப் பின்னால் சுழற்றிப் போடுகிற காலம் எழுபதோடு போய்விட்டது. மதகுக் கட்டை ஓரமாக வண்டியைச் சாய்த்து, கட்டையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஏறுவோம். மதகு இல்லாத இடத்தில் இறங்க மாட்டோம். மூத்திரம் முட்டினாலும் அடுத்த மதகு வரை தாங்க வேண்டும். ஏறும்போது முழங்காலில் டக்கென்று ஒரு சத்தம் வரும், அது யார் முழங்கால் என்று சண்டை போடுவோம். எதிர்க்காற்றில் மூச்சு வாங்கும். வாங்கவில்லை என்று காட்டிக்கொள்ள இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டே மிதிப்போம். சிங்கப்பூரில் இருக்கிற அவர் மகன் வாராவாரம் போனில் கேட்பான், "அப்பா, வண்டிய விட்டுட்டீங்களா?" என்று. "அன்னைக்கே விட்டாச்சுப்பா" என்று செயினுக்கு எண்ணெய் விட்ட கையோடு பதில் சொல்வார். அவர் அந்தப் பொய்யைச் சொல்கிற அழகைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் ரோடுதான் களம். மெஷின் அறுத்த நெல் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கிற மீட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள், ஈரம் கூடுதலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் தார் ரோட்டில் பாதியை மறித்து நெல்லைப் பரப்பிக் காயவைப்போம். வண்டிகள் நெல்மேல் ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்போம். சாயங்காலம் நெல்லைக் குவித்துப் படுதா போட்டு மூடினாலும் கல் அங்கேயே இருக்கும், மறுநாள் மறுபடி பரப்ப வேண்டுமே. கடைசி நாள் மூட்டை பிடித்து ஏற்றியதும் எல்லோருக்கும் மனசு நெல்லோடு போய்விடும். கல்லை யாரும் எடுப்பதில்லை. அது ஒரு தப்பு என்றே எங்களுக்குத் தோன்றுவதில்லை.

அத்தானுக்கு மட்டும் அது ஆகாது. வழியில் அப்படிக் கல் கிடந்தால் மதகு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் இறங்கி, காலால் தள்ளி ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஏறுவதற்கு இடம் தேடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். எனக்குக் கோபம் வரும். கல் வைத்தவன் வீட்டு வாசலிலேயே நின்று சத்தம் போடுவேன். "ஒங்க அப்பன் வூட்டு ரோடாடா?" என்று ஒருவனை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய தை மாசக் கடைசி. எனக்கு அப்போது எழுபத்தொன்று, அத்தானுக்கு எழுபத்தாறு. என் வயலை ஒட்டிய அதே வாய்க்கால் கரை ரோட்டில் மூன்று நாளாக நெல் காய்ந்துகொண்டிருந்தது. பழைய வீட்டை இடித்தபோது மிஞ்சிய காரைக்கட்டிகளைத்தான் ஓரத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவு இருக்கும். மதியம் நிலையத்திலிருந்து செய்தி வந்தது, இன்றைக்குக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வோம், நாளையிலிருந்து சாக்கு இல்லை என்று. அடித்துப் பிடித்து டிராக்டர் பிடித்து, ஆள் பிடித்து, அள்ளிக்கொண்டு ஓடினேன். பொழுது சாய்வதற்குள் எடை போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்து, சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன். கல் ஞாபகம் வரவே இல்லை.

மறுநாள் காலை பனி கொட்டியது. டைனமோவைப் போட்டால் மிதிக்கக் கனக்கும் என்று நாங்கள் விளக்குப் போடுவதில்லை. அவர் முதுகில் போட்டிருந்த துண்டின் வெள்ளைதான் எனக்கு அடையாளம். நான் என் நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். மீட்டரை வைத்ததும் நிலையத்து ஆள் ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டினான், ஊரிலேயே என் நெல்தான் அப்படிக் காய்ந்திருந்தது என்று. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்னா?" என்று தலையைப் பின்னால் திருப்பினார். அப்போது முன்சக்கரம் ஏறியது. ஹாண்டில்பார் பிடுங்கிக்கொண்டு திரும்ப, அவர் இடது பக்கமாக ரோட்டில் விழுந்தார். தலையும் தரையில் மோதியது.

அவரிடம் ஓடினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் வண்டியைப் போட்டுவிட்டு முதலில் கல்லிடம்தான் போனேன். சுண்ணாம்பு அடித்த பக்கம் கீழே இருந்தது. மேலே இருந்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்கும். அதைத் தூக்கி வாய்க்காலில் போட்டேன். வரிசையில் கிடந்த மற்றதையும் ஒவ்வொன்றாகக் காலால் உருட்டித் தண்ணீரில் தள்ளினேன். எல்லாம் போன பிறகு அவரிடம் வந்து குனிந்தேன். அவர் கண்ணைத் திறந்து, என்னைக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாதவர்போலப் பார்த்தார்.

"என்னா மச்சான் ஆச்சு?"

"தல சுத்திருச்சு போலருக்கு அத்தான்" என்றேன்.

"தலயா சுத்துச்சு?" அவர் கண்ணை மூடி யோசித்தார். "சுத்துன மாதிரிதான் இருக்கு."

அவ்வளவுதான் நடந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நான் போட்ட சத்தம் ஒன்று. அக்கா முகம் ஒன்று. இரண்டும் சேர்ந்து வாயிலிருந்து வந்துவிட்டது. சாயங்காலம் எல்லாம் அடங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக ஞாபகம்.

தஞ்சாவூரில் தொடை எலும்புக்கு ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்தார்கள். எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். கேட்டது என்னைத்தான், கூட இருந்தவன் நான்தானே. "தல சுத்தி விழுந்துட்டாருங்க" என்றேன். அக்கா பக்கத்தில் நின்றாள். உடனே மூளைக்கு ஒரு படம், நெஞ்சுக்கு ஒரு படம், காதுக்கு ஒரு சோதனை என்று நாலு நாள் சக்கர நாற்காலியில் வைத்து இழுத்தடித்தார்கள். ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை. வயதானால் இப்படி வரும் என்று சொல்லித் தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை போட்டால் அவருக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது.

எலும்பு நன்றாகச் சேர்ந்தது. வாக்கரைப் பிடித்து நிற்கப் பழகினால் மூன்று மாசத்தில் நடந்துவிடுவார், திடமான உடம்பு, சைக்கிள் மிதித்த கால் என்றார் டாக்டர். அவரை நிற்க வைத்தார்கள். இரண்டு நொடி நின்றார். பிறகு, "சுத்துது, சுத்துது" என்று கத்தி உட்கார்ந்துவிட்டார். பயத்தில் வியர்த்துக் கொட்டியது. மறுநாளும் அப்படியே. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. அக்கா வாக்கரை மடக்கிப் பீரோவுக்குப் பின்னால் செருகினாள்.

"தல சுத்துற மனுசன நிக்க வச்சு, இன்னொரு காலும் போச்சுன்னா யாரு பாக்குறது?" என்றாள். மகன் சிங்கப்பூரிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "மாமா, அவர எந்திரிக்க வுடாதீங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றான். நான் சரி என்றேன்.

அந்த மாசத்திலேயே ஊரில் நாலைந்து கிழவர்களின் சைக்கிளைப் பிள்ளைகள் பிடுங்கி உள்ளே பூட்டினார்கள். தபால்காரருக்கே தலை சுற்றினால் நீங்கள் எம்மாத்திரம் என்று சொன்னார்களாம். என் மகனும் சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் கிளம்பினேன். ஊர் எனக்குத் தைரியம் அதிகம் என்றது. கூட வந்தவர் விழுந்த பிறகும் விடவில்லையே, என்ன மனசு என்றது.

திரும்பும்போது அவர் வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். முதல் இரண்டு மாசம், வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டதா, பாலத்து வேலை முடிந்ததா என்று எல்லாம் விசாரிப்பார். நான் சொல்லச் சொல்ல, போர்வைக்குள் அவர் பாதம் அசையும். பிறகு விசாரிப்பது குறைந்தது. பாதமும் அசையவில்லை. தொடை சுருங்கிக் கை அளவுக்கு வந்துவிட்டது. வைகாசியில் முதுகுக்குக் கீழே புண் வந்தது. அக்காவுக்கு அப்போது எழுபத்து மூன்று. அவரைப் புரட்டிப் போட்டு, கழுவி, பவுடர் போட்டு, மறுபடி புரட்டுவாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. சைக்கிளில் போகும்போது வார்த்தைகளைச் சேர்த்துவைப்பேன். அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் வேறு எதையாவது பேசிவிடுவேன். அக்கா காபியோடு வருவாள், அல்லது யாராவது பார்க்க வந்திருப்பார்கள். சாக்குக்கா பஞ்சம்? இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட பெரிய சாக்கு. தலைசுற்றல் உண்மையிலேயே வந்துவிட்டதோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன். நான் கோழை. அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஆவணியில் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரைத் தூக்கும்போது சுளுக்கிக்கொண்டது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கையைக் கொடுத்தேன்.

"தம்பி, எனக்கு முன்னாடி அவரு போயிரணும்டா" என்றாள் மெதுவாக, உள்ளே இருப்பவருக்குக் கேட்காமல். "நான் முன்னாடி போயிட்டா அவர யாரு பொரட்டிப் போடுவா?"

கட்டிய புருஷன் முதலில் சாக வேண்டும் என்று அக்கா வாயிலிருந்து கேட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியோடு அவள் மன்னார்குடி டாக்டரிடம் போனபோது, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். கல், வாய்க்கால், தலை சுற்றியது என்று நான் சொன்னது, எல்லாவற்றையும். அவர் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கல்லா?"

"ஆமா அத்தான்."

"அப்ப எனக்குத் தல சுத்தலயா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சுத்தல அத்தான். சக்கரம் கல்லுல ஏறிச்சு. நான் பாத்தேன்."

அவர் பீரோ பக்கம் கையைக் காட்டி, "அத எடு" என்றார். பீரோவுக்குப் பின்னாலிருந்து வாக்கரை எடுத்துத் தூசியைத் துடைத்து முன்னால் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் நின்றார். எண்ணிப் பத்து வரை நின்றிருப்பார். அவர் கண் எதையோ எதிர்பார்த்து அங்குமிங்கும் போனது.

"சுத்தல மச்சான்" என்றார். "சுத்தவே இல்ல."

உடனே முழங்கால் மடிந்தது. காலில் சதை இல்லையே, எது தாங்கும்? நான் பிடித்திருந்ததால் இருவரும் கட்டிலில் சாய்ந்தோம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளிலேயே தலையை வைத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

"அன்னைக்கே சொல்லிருந்தீன்னா, கல்லு போட்டதுக்கு ஒன்ன நாலு வார்த்த திட்டிட்டு எந்திரிச்சு நடந்துருப்பேனே" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் அழவில்லை. "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

அன்றிலிருந்து தினமும் நான் போய் அவரை நிற்க வைத்தேன். திடீரென்று அவருக்கு எப்படித் தைரியம் வந்தது என்று அக்கா கேட்டாள். தலைசுற்றல் நின்றுவிட்டது என்றார். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று அவள் மாவிளக்குப் போட்டாள். ஒரு நாள் கட்டிலிலிருந்து நிலைப்படி வரை வந்துவிட்டார். வாசலில் வெயிலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஏழு மாசத்துக்கு முன் ஆரம்பித்திருந்தால் அந்த வேகத்தில் தெருக்கோடி வரை போயிருப்பார். அதை அவரும் கணக்குப் போட்டிருப்பார், நானும் போட்டேன். ஐப்பசி மழையில் சளி பிடித்தது. படுத்தே கிடந்த உடம்பு, நெஞ்சு தாங்கவில்லை. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் போய்விட்டார். அக்காவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றவர் கடைசி வரை சொல்லவில்லை. அவர் மறந்திருக்க மாட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் தபால் கொடுத்த நாலு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எப்படி ஆச்சு, நல்லாத்தானே இருந்தார் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

"பனில போயிட்டு இருக்கறப்ப தல சுத்தி வுழுந்துட்டாரு. நல்லவேளையா என் தம்பி கூடப் போனான். அவன் மட்டும் இல்லன்னா அன்னைக்கே ரோட்டுலயே போயிருப்பாரு. இத்தன மாசம் அவர உசுரோட வச்சிருந்தது என் தம்பிதான்."

அவள் சொல்லி முடிக்கிறவரை ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்திலேயே நின்றேன்.